மாதாவின் காலடியில் வைத்த மெழுகு

வெள்ளைக் கோட்டில் இன்னும் ஒரு சாயக்கறைகூடப் படாத மாணவர்களான உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வேலையில் கெட்ட செய்தியைவிட நல்ல செய்திக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கெட்ட செய்தி எழுதும்போது நாமே பத்துத் தடவை பார்ப்போம். கையெழுத்துப் போடும்முன் நண்பர் யாருக்காவது ஸ்லைடை அனுப்பிக் கேட்போம். நல்ல செய்தி என்றால் கை தானாகப் பேனாவைத் தேடும். காத்திருக்கிறவர்களின் முகம் வேறு கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த அவசரத்தில் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டு, மூச்சுத் திணறி, எப்படியோ தப்பித்த கதையைச் சொல்கிறேன்.

நான் தேனியில் லேப் நடத்தியவள் என்பது உங்களுக்குத் தெரியும். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றா இல்லையா என்று எழுதியதுதான் என் பிழைப்பு. கம்பம், சின்னமனூர், போடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் துணுக்குகள் வரும். எப்படி வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். பஸ் கண்டக்டர் பையில் வரும், தக்காளிப் பெட்டிக்கு மேலே உட்கார்ந்தும் வரும். விசேஷப் பரிசோதனை ஏதாவது தேவை என்றால் மெழுகுக் கட்டியை மதுரைக்கு அனுப்ப வேண்டும். அதைப் பெரும்பாலும் நோயாளியின் வீட்டுக்காரர்களே கையில் கொண்டு போவார்கள். கூரியர்காரருக்கு இல்லாத அக்கறை அவர்களுக்கு இருக்கும். நான் சொல்லப்போகிற விஷயத்தில் வினையே அந்த அக்கறையால்தான் வந்தது.

ஜெசிந்தா ராயப்பன்பட்டிக்காரி. முப்பதைத் தாண்டியவள், திராட்சைத் தோட்டங்களில் கொத்து வெட்டப் போகிறவள். அவள் கணவர் சவரிமுத்து, கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவர். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. ஒருமுறை உண்டாகி, நிலைக்காமல் போயிருந்தது. மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் ரத்தம் படுகிறது என்று அவள் போய்க் காட்டிய மகப்பேறு டாக்டர், கர்ப்பப்பையின் வாயிலிருந்து சின்னத் துணுக்கு ஒன்றை எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். அந்த டாக்டர் எனக்கு மூத்தவர். கைராசிக்காரர் என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பேர். பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு.

ஸ்லைடைப் பார்த்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. உட்கருக்கள் பெரிதாக, கருத்துத் தெரிந்தன. புற்றுக்கு முந்தைய நிலை, அதிலும் முற்றியது என்று தாராளமாக எழுதியிருக்கலாம், யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் புண்ணும் இருந்தது. புண் ஆறுவதற்காகப் புதிதாக முளைக்கிற இளஞ்செல்களும் கிட்டத்தட்ட இதே முகத்தோடுதான் இருக்கும். இரண்டையும் சாதாரணச் சாயத்தை மட்டும் வைத்து என்னால் பிரிக்க முடியவில்லை. மாலைக்குள் நாலு தடவை எடுத்துப் பார்த்து நாலு தடவையும் திருப்பி வைத்தேன்.

மறுநாள் டாக்டர் போனில் வந்தார். "என்னம்மா, அந்த ராயப்பன்பட்டிப் பொண்ணு ரிப்போர்ட் என்னாச்சு? வியாழக்கிழமை மயக்க மருந்து டாக்டர் வர்றாரு. கர்ப்பப்பையை எடுத்துரலாம்னு இருக்கேன்."

"இன்னும் முடிவுக்கு வரல மேடம். பி16 சாயம் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"நீ பி16, பி17ன்னு பாத்துக்கிட்டே இரு. அவ அம்மா இதே நோய்லதான் செத்திருக்கா. எடுத்துருங்க எடுத்துருங்கன்னு அந்தப் பொண்ணே அழுகுது."

"எடுத்துட்டா திருப்பி வைக்க முடியாதே மேடம்."

அந்தப் பக்கம் நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு வாரம் தாரேன். அடுத்த வியாழக்கிழமைக்கு மேல அவளை என்னால பிடிச்சு வைக்க முடியாது" என்று வைத்துவிட்டார்.

முற்றிய முந்தைய நிலை என்றால்கூட முழுக் கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டுமா, வாயை மட்டும் வெட்டியெடுத்துப் பார்க்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைக்க வேண்டியதுதான். ஆனால் வாயை மட்டும் வெட்டினால் திரும்பத் திரும்ப வந்து காட்ட வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒருமுறை வருவார்கள், மறுமுறை அறுவடை என்பார்கள். அதனால் நம் பக்கத்தில் டாக்டரும் வீட்டாரும் சேர்ந்து ஒரேயடியாக எடுத்துவிடும் முடிவுக்கு வந்துவிடுவது வழக்கம். நான் எழுதும் ஒரு வரியில் ஜெசிந்தாவுக்கு இனிப் பிள்ளை உண்டா இல்லையா என்பது முடிந்துபோகும். எழுதாமல் விட்டு, அது உண்மையிலேயே புற்றுக்கு முந்தையதாக இருந்தால் அவள் அம்மா போன வழியில் அவளும் போவாள். என் மேஜையில் இருந்தது இவ்வளவுதான்.

கணவன் மனைவி இருவரையும் வரச்சொன்னேன். சவரிமுத்து நாற்காலியில் உட்காரவே இல்லை.

"பி பதினாறுன்னு டாக்டரு சொன்னாக. அது என்ன, கிருமியா டாக்டரம்மா?"

"கிருமி இல்ல. எல்லார் உடம்புலயும் இருக்கிற புரதம். ஒரு செல்லு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும். அது தறிகெட்டுப் பிரிஞ்சுக்கிட்டே போகாம நிறுத்துற பிரேக்கு அது."

"பிரேக்கா? அப்ப அது நெறைய இருந்தா நல்லதுதானே?"

நீங்கள் பரீட்சையில் தடுமாறுகிற கேள்வி இது. அவர் டிரைவர் என்பதால் எனக்குச் சுலபமாகப் போயிற்று.

"மலையில இறங்குறீக. பிரேக் ஆயில் மொத்தமும் ஒழுகிப்போச்சு. என்ன செய்வீக?"

"மிதிப்பேன். புடிக்காது. இன்னும் மிதிப்பேன். உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு மிதிச்சுக்கிட்டே கெடப்பேன்."

"அதேதான். ஒரு வைரஸ் இருக்கு. அது புகுந்து பிரேக் லைனை அறுத்துவிட்டுருச்சுன்னா, செல்லு மிதிச்சுக்கிட்டே கெடக்கும். அந்தப் புரதம் மண்டிப்போயிரும். அதுக்குன்னு இருக்கிற சாயத்தைப் போட்டா அந்த இடம் பூராவும் பழுப்பாத் தெரியும். அப்படித் தெரிஞ்சா கெட்டது."

"லேசா அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு தெரிஞ்சா?"

"வளைவுல லேசா மிதிக்கிறது எல்லா வண்டிக்கும் உண்டுல்ல. வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்."

அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஜெசிந்தா அதுவரை முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள்.

"எனக்கு பிரேக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம் டாக்டரம்மா. எங்காத்தா கெடந்த கெடப்பை நாந்தேன் கூட இருந்து பாத்தேன். எடுத்துருங்க."

"ஏ புள்ள, ஒரு வாரந்தானே," என்றார் சவரிமுத்து.

"ஒங்களுக்கென்ன, ஒங்க வயித்துலயா இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் என்ன தப்பு? என் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக இன்னொருத்தியின் பயத்தை ஒரு வாரம் இழுக்கிறேனோ என்று தோன்றியது. இருந்தாலும் பின்வாங்கவில்லை. ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கொள், அதற்குள் பதில் வராவிட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பிளாஸ்டிக் கூட்டில் பதிந்திருந்த மெழுகுக் கட்டியைத் தானே மதுரைக்குக் கொண்டுபோவதாகச் சவரிமுத்து சொன்னார். கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் சேர்த்து வாங்கி, கைக்குட்டையில் பொதிந்துகொண்டு போனார்.

இனி நடந்தது நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் நடக்காது. இங்கே ஜீப்போ வேனோ, டேஷ்போர்டில் ஒரு சாமி இருக்கும். முக்கியமான எதையும் அந்தச் சாமியின் காலடியில் வைத்துத்தான் கொண்டுபோவார்கள். மகனின் ஹால் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதி, புது விதைப் பாக்கெட், எதுவானாலும் சரி. சவரிமுத்துவின் ஜீப்பில் இருந்தது மாதா. மனைவியின் தலையெழுத்தே அந்தக் கட்டியில் இருக்கிறது என்று நான்தானே சொல்லி அனுப்பியிருந்தேன்? அவர் அதை மாதாவின் காலடியில் வைத்துவிட்டார். சித்திரை மாத வெயில். உசிலம்பட்டிப் பக்கம் சாப்பிட நிறுத்தியவர், யாரும் கைவைத்துவிடக் கூடாதே என்று தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். முன்கண்ணாடி வழியாக வெயில் நேராக மாதா மேல் இறங்கியிருக்கிறது.

மதுரை லேபிலிருந்து போன் வந்தது. "மேடம், நீங்க அனுப்புனது மெழுகு பிளாக்கா, ரசமா? மெழுகெல்லாம் கைக்குட்டையில இருக்கு. கூடு காலி மாதிரி தெரியுது."

பின்னாலேயே சவரிமுத்துவின் குரல். "டாக்டரம்மா, மாதா காலடியிலதான் வச்சேன். பத்திரமா இருக்கும்னுதான் வச்சேன்."

எனக்கு வந்ததே கோபம். "ஏய்யா, நாளெல்லாம் மாதா முன்னாடி மெழுகு உருகிக்கிட்டுத்தானே இருக்கு! தெரியாதா உமக்கு?" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை விம்முகிற சத்தம் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் யார் செய்த தப்பு என்ற விசாரணையை ஒத்திப்போடுங்கள், கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கேட்டேன். துணுக்கு கூட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்றார்கள். மறுபடி மெழுகு ஊற்றிப் பதித்துச் சீவச் சொன்னேன். புதிதாக ஒரு துணுக்கு எடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டதற்கு, "அவளை நான் மேஜையில ஏத்துனா அது ஆபரேஷனுக்காகத்தான் இருக்கும், அவளே அப்படித்தான் சொல்லிட்டா" என்றார். ஆகவே இருந்தது அந்த ஒரே துணுக்குதான்.

இரண்டு நாளில் மதுரையிலிருந்து மறுபடி போன். "நெகட்டிவ் மேடம். சந்தேகப்பட்ட இடத்துல பழுப்பு ஏறல. கண்ட்ரோல் பிரமாதமா இருக்கு."

கண்ட்ரோல் என்றால் உங்களுக்குத் தெரியும். நிச்சயமாகப் பழுப்பு ஏறும் என்று தெரிந்த வேறொரு துணுக்குக்கும் கூடவே சாயம் போடுவோம். அதில் ஏறினால் சாயம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஸ்லைடை வாங்க மதுரைக்குப் போயிருந்த சவரிமுத்து, போன் பேசியவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். நான் போனை வைப்பதற்குள் ராயப்பன்பட்டிக்குச் சேதி போய்விட்டது. டாக்டர் கூப்பிட்டார். "நெகட்டிவாமே! அப்ப விட்டுரலாம்ல?"

"இன்னும் இல்ல மேடம்."

"இன்னும் என்னம்மா? ஆபரேஷன் பண்றேன்னாலும் வேணாங்கிற, விட்டுர்றேன்னாலும் வேணாங்கிற!"

அவர் எரிச்சல் நியாயம்தான். ஆனால் நான் பயந்தது இதற்குத்தான். கண்ட்ரோல் துணுக்கு அந்த ஜீப்பில் ஏறவில்லை. அது மதுரையில் குளுகுளு அறையில் அலமாரிக்குள் இருந்தது. ஜெசிந்தாவின் துணுக்குதான் உசிலம்பட்டி வெயிலில் வெந்தது. வெந்ததில் அந்தப் புரதம் சிதைந்து போயிருந்தால், கெட்ட செல்லாக இருந்தாலும் பழுப்பு ஏறாது. சாயம் நல்ல சாயம் என்பதற்குக் கண்ட்ரோல் சாட்சி சொல்லும். இந்தத் துணுக்கு இன்னும் பேசக்கூடிய நிலையில் இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் ஒவ்வொரு நெகட்டிவுக்கும், "ஒன்றும் இல்லை என்கிறாயா, உனக்குத் தெரியவில்லை என்கிறாயா?" என்று கேட்டு எங்களை அழவைப்பார். அன்றைக்கு அவர் பின்னால் நின்று கேட்பதுபோலவே இருந்தது.

சவரிமுத்து ஸ்லைடோடு வந்தார், இந்தத் தடவை சட்டைப்பையில். முகமெல்லாம் சிரிப்பு. ஜெசிந்தாவும் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். அவள் சிரிக்கவில்லை.

"நானே பாக்காம ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்," என்றேன்.

"அதான் அவுகளே சொல்லிட்டாகளே, இல்லேன்னு," என்றார் அவர்.

"வெயில்ல கெட்டுப்போயிருந்தாலும் இல்லேன்னுதான் வரும்யா. கெட்டுப்போகலைன்னு சாட்சி ஒண்ணு, கண்ட்ரோலுன்னு சொல்வோம், இதுக்குள்ளேயே வேணும். எங்கேயாவது நாலு நல்ல செல்லுல லேசாவாவது சாயம் ஏறியிருந்தாத்தான் இந்தச் சோதனை வேலை செஞ்சிருக்குன்னு நம்புவேன்."

அவர் சிரிப்பு நின்றுபோனது. என் வாழ்க்கையில் ஒரு மனுஷனின் சந்தோஷத்தை அப்படி முகத்துக்கு நேராகப் பறித்தது அந்த ஒரு தடவைதான். ஜெசிந்தா மட்டும் என்னையே கூர்ந்து பார்த்தாள். நான் சொன்னதை அவள்தான் முழுசாக வாங்கிக்கொண்டாள் என்று தோன்றியது.

ஸ்லைடை வைத்தேன். சந்தேகத்துக்குரிய இடம் முழுக்கப் பின்னணிச் சாயத்தின் நீலம். பழுப்பு இல்லை. நல்லது. நகர்த்தினேன். அதுவும் நீலம். இன்னும் நகர்த்தினேன். நீலம், நீலம். முழுத் துணுக்கும் இப்படியே வெறுமையாக இருந்தால் நான் என்ன எழுதுவது? தெரியவில்லை என்று எழுதலாம். அப்படி எழுதினால் வியாழக்கிழமை ஆபரேஷன்.

கடைசி ஓரத்தில் ஒரு சுரப்பி தென்பட்டது. அதன் சுவரில் மூன்று நாலு செல்கள் பழுப்பாக நின்றன. பக்கத்துச் சதையில் நீளநீளமான செல்கள் சிலவற்றிலும் மெல்லிய பழுப்பு. லென்ஸை மாற்றி முதலில் பார்த்த இடத்துக்கே திரும்பினேன். அங்கேயும் கூர்ந்து பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக லேசான தடம். மதுரைக்காரர்கள் சொன்னதில் தப்பில்லை, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்துச் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். எனக்குத்தான் பார்க்க வேண்டாத இடமும் தேவைப்பட்டது. துணுக்கு வெந்தும் சாகவில்லை. சாயம் ஏற வேண்டிய செல்லில் ஏறியிருக்கிறது, சந்தேகப்பட்ட செல்களில் மண்டவில்லை.

நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அப்பாடா என்று எனக்கே கேட்கும்படி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"பிரேக்கு?" என்றார் சவரிமுத்து.

"புடிக்குதுய்யா. வளைவுல லேசா மிதிக்கிற மாதிரி, அவ்வளவுதான். இது புண்ணு ஆறுற செல்லு. புத்து இல்ல."

அவர் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். ஜெசிந்தா என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் ஒங்க கூடப்பொறந்தவளா இருந்தா என்ன சொல்வீக டாக்டரம்மா?"

"புண்ணுக்கு மருந்து சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போன்னு சொல்வேன். ஆறு மாசத்துல திரும்ப வந்து காட்டலேன்னா ராயப்பன்பட்டிக்கே வந்து திட்டுவேன்."

"அப்ப எடுக்க வேணாமா?"

"வேணாம்."

அவள் கை மெதுவாக அடிவயிற்றுக்குப் போனது. அதன் பிறகுதான் அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் தரையில் இருந்தவரைப் பார்த்தாள். "மாதா காலடியில வச்சாராம்! வெயில்ல!" என்று அவர் தோளில் ஒன்று வைத்தாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று டெக்னீஷியன் ஓடி வந்தார்.

டாக்டர் போனில், "நல்லதாப் போச்சும்மா" என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது புண் ஆறியிருந்தது, வைரஸ் சோதனையும் சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகு சந்தேகமான துணுக்கு எதுவானாலும், "நேரம் எடுத்துக்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது நடந்த விஷயத்திலேயே இருக்கிறது. எல்லாரும் ஆசைப்படுகிற பதில் வரும்போது, அந்தத் துணுக்கு எந்த வண்டியில் வந்தது, எங்கே வெந்தது, எங்கே காய்ந்தது என்று விசாரியுங்கள். கூட வந்த கண்ட்ரோல் அதே பாட்டைப் பட்டதா என்று யோசியுங்கள். சாட்சி கிடைக்கும்வரை வெளியே நிற்கிறவர்கள் உங்களை வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போகட்டும். அவ்வளவுதான், இதற்கு மேல் பெரிய தத்துவம் ஒன்றும் என்னிடம் இல்லை.

இன்னொன்று. நான் லேபை மூடுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் ஒருநாள் சவரிமுத்துவும் ஜெசிந்தாவும் வந்தார்கள். இந்தத் தடவை துணுக்கு எதுவும் இல்லை, சிறுநீர்ப் பரிசோதனை. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றாள். கடையில் அட்டை வாங்கி வீட்டிலேயே பார்க்கலாம்தான். இங்கே வந்து பார்த்தால்தான் நம்புவேன் என்று கிளம்பி வந்திருக்கிறாள். நானே அட்டையை எடுத்துச் சொட்டு விட்டு மேஜையில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. சவரிமுத்து துள்ளிவிட்டார். "வந்துருச்சு! ஏ புள்ள, கோடு வந்துருச்சு!"

ஜெசிந்தா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "சும்மா இருங்க. அது கண்ட்ரோலு. சோதனை வேலை செஞ்சிருக்குன்னு சொல்ற கோடு. இன்னொண்ணு வரணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்று பேரும் அட்டைக்கு மேலே குனிந்து நின்றோம். முதல் கோட்டுக்குப் பக்கத்தில், வெளிறிப்போய், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒன்று தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது.

பேனாவை எடுத்தேன். "எழுதட்டுமா?"

அவள் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணும் அவசரம் இல்ல டாக்டரம்மா," என்றாள். "நல்லாப் பாத்துட்டு எழுதுங்க."